கையில் இருக்கும் போனில் சோதியுங்கள்

(பிள்ளைப்பாக்கத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர் சிப்காட் தொழிற்பூங்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியை மட்டும் இன்றைய பேச்சுக்காக எடுத்துக்கொள்கிறேன். கார்னிங் நிறுவனமும் ஆப்டீமஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய பாரத் இன்னோவேஷன் கிளாஸ் டெக்னாலஜீஸ், கைப்பேசியின் முகப்புக் கண்ணாடிக்கான ஆலையை அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம் பிள்ளைப்பாக்கம். போனைத் தயாரிக்கும் வேலையில் இந்த வட்டாரத்துக்குக் கண்ணாடி முதல் சார்ஜர் வரை பங்கு இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு அடியில் தெரியும் பக்கத்தைத் தயாரிக்கும் வேலையில் நமக்கு என்ன பங்கு? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வெப் பேஜ் ஒன்றில் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும் எல்லாம் ஃப்ரன்ட்-எண்ட். எழுத்து, பட்டன், படிவம், படம், பக்கம் எவ்வளவு நேரத்தில் திறக்கிறது என்பது, திறந்த பிறகு விரலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பது, எல்லாமே அதில் சேரும். இதற்கு மூன்று மொழிகள். எச்.டி.எம்.எல். பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். சி.எஸ்.எஸ். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் அதை இயங்க வைக்கும். 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்துவிட்ட முதல் பக்கத்தில் முதலாவது மட்டும்தான் இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதினார். சி.எஸ்.எஸ்.ஸின் முதல் தரநிலை 1996 டிசம்பரில் வந்தது. வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது கருவி.

2006ஆம் ஆண்டு இந்த வட்டாரத்துக்கு முக்கியமான ஆண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது அப்போதுதான். அதே ஆண்டு ஜனவரியில் ஜோ ஹியூவிட் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்காக ஃபயர்பக் என்ற ஒரு சிறு கருவியை வெளியிட்டார். அதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு பட்டன் இடம் மாறித் தெரிந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க, சி.எஸ்.எஸ். கோப்பில் ஒவ்வொரு வரியாக அழித்து அழித்துப் பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்ட் எங்கே நின்றது என்று தெரிய, வரிக்கு வரி ஒரு எச்சரிக்கைப் பெட்டியைத் திறக்க வைப்போம். ஃபயர்பக் வந்ததும் பக்கத்தின் உள்ளே கை வைக்க முடிந்தது. ஒரு பட்டனைச் சுட்டினால் அதற்கு எந்தக் கோப்பின் எந்த வரி நிறம் கொடுக்கிறது, எந்த வரி அதை மீறுகிறது என்று காட்டியது. அங்கேயே எண்ணை மாற்றினால் திரையில் உடனே மாறியது.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஃபயர்பக்கும் பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸின் உள்ளேயே கரைந்துபோனது. ஆனால் அது தொடங்கிவைத்த பழக்கம் இன்று எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் கணினியில் எஃப்-12 விசையை அழுத்துங்கள். டெவ்டூல்ஸ் திறக்கும். பணம் கட்ட வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், பெங்களூருக்குப் போக வேண்டாம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் செய்யும் பக்கத்தை, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் போனில், அவருடைய மொழியில் சோதியுங்கள். சோதிக்க வேண்டிய கருவிகள் எல்லாம் உங்கள் பிரவுசரில் ஏற்கெனவே இருக்கின்றன. மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்தைச் செய்பவர் பெரும்பாலும் பெரிய திரை, வேகமான இணைப்பு, புதிய லேப்டாப் உள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவர் இங்கே இருக்கிறார். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. அந்த ஒரு வளாகத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் சிக்னல் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய பி.எஃப். கணக்கு, இ.எஸ்.ஐ. அட்டை, தம்பியின் கல்லூரி விண்ணப்பம், அம்மாவின் ரேஷன் அட்டைத் திருத்தம், எல்லாம் அந்தச் சின்னத் திரை வழியாகத்தான் நடக்கிறது. லேப்டாப்பில் மட்டும் பார்த்துச் சரி என்று அனுப்பிய பக்கம் இவர்களிடம் வந்து நிற்கிறது.

டெவ்டூல்ஸில் போன் வடிவச் சின்னம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பக்கம் போன் அகலத்துக்குச் சுருங்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றின் அகலம் பிரவுசரின் கணக்கில் 360 பிக்சல். முதலில் அந்த அகலத்துக்கு வடிவமையுங்கள், பிறகு பெரிய திரைக்கு விரியுங்கள். 2010 மே மாதத்தில் ஈத்தன் மார்காட் எழுதிய ஒரு கட்டுரைதான் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் ஏற்ப வளைந்துகொடுக்கலாம் என்ற முறைக்கு ரெஸ்பான்சிவ் என்று பெயர் வைத்தது. அன்று அதற்குப் பல வித்தைகள் செய்ய வேண்டியிருந்தது. இன்று சி.எஸ்.எஸ்.ஸில் ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற இரண்டையும் கற்றுக்கொண்டால் போதும். கிரிட் 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பக்கத்தை அடுக்குவதற்காகத் தனியாக ஒரு பெரிய நிரல் நூலகத்தை இறக்கிக்கொள்ளும் பழக்கம் தேவையற்றது என்பது என் முடிவு.

நெட்வொர்க் என்ற பகுதியில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. மெதுவான 4ஜி என்று வைத்துப் பக்கத்தைத் திறவுங்கள். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் செயலியின் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யாமல் ஒரு பக்கத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். படம் கனமாக இருந்தால் நேரம் பெரும்பாலும் இறங்குவதற்குத்தான். ஜாவாஸ்கிரிப்ட் கனமாக இருந்தால் இறங்கவும் நேரம், அதைப் படித்து இயக்கவும் நேரம். விலை குறைந்த போனில் இந்த இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும். பக்கம் முழுதாகத் தெரியும், பட்டனைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. தட்டியவர் போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். போன் மேல் தவறே இல்லை.

இருந்தாலும் கணினியில் போனைப் போல நடிக்க வைப்பது முழுச் சோதனை ஆகாது. உண்மையான போனை இணையுங்கள். உங்களில் பலருக்கு இந்த வழி தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். போனின் செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்குங்கள். சார்ஜர் வயரால் போனைக் கணினியில் செருகுங்கள். கணினியின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், போனில் திறந்திருக்கும் பக்கங்கள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், போனில் இருக்கும் பக்கத்தைக் கணினியிலிருந்தே பிரித்துப் பார்க்கலாம், எண்ணை மாற்றலாம், பிழைச் செய்திகளைப் படிக்கலாம். கணினியே இல்லாதவர்கள் எரூடா என்ற சிறு ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தில் சேர்த்தால், போன் திரையிலேயே ஒரு சிறிய டெவ்டூல்ஸ் வரும். போனை மட்டும் வைத்துக்கொண்டு கற்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அதனால் தாழ்வு ஒன்றுமில்லை, உங்கள் சோதனைக்கூடம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

எதை அளப்பது? கூகுள் 2020இல் மூன்று அளவுகளை முன்வைத்தது. அவற்றில் ஒன்று 2024 மார்ச்சில் மாறியது. இப்போதைய கணக்கு இது: பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லி நொடிக்குள் திரை பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, பக்கம் திறந்த பிறகு உள்ளே இருப்பவை இடம் மாறித் துள்ளக் கூடாது. அதற்கான எண் 0.1ஐத் தாண்டக் கூடாது. இந்த மூன்றாவதை எல்லாரும் அனுபவித்திருப்பீர்கள். ‘ரத்து செய்’ என்று தட்டப்போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரப் படம் வந்து பக்கத்தைக் கீழே தள்ளும், விரல் ‘பணம் செலுத்து’ மேல் விழும். இதற்கு மருந்து மிக எளிது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்.டி.எம்.எல்.லிலேயே எழுதிவிட்டால், படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கிவிடும். இரண்டு எண்களை எழுதாத சோம்பலால் ஒருவருடைய பணம் போகிறது என்றால் அது சிறிய தவறு ஆகாது. டெவ்டூல்ஸில் இருக்கும் லைட்ஹவுஸ் இந்த அளவுகள் பலவற்றையும் எடுத்துக் கொடுத்து, எங்கே திருத்தலாம் என்றும் சொல்லும்.

இனி தமிழுக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது ‘எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்ற அறிவிப்பு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு குறியீட்டு முறை, ஒரு ஃபான்ட். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற இன்னொரு தரத்தை வகுத்திருந்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தும், அன்றைய பல கணினிகளுக்கு அதைச் சரியாகக் காட்டத் தெரியாது.

அந்தக் காலத்தில் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி என்பவர் ஒரு வேலை செய்தார். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தேனீ என்ற யூனிகோடு எழுத்துருவை உருவாக்கி, அதைப் பக்கத்தோடு தானாகவே இறங்கும் இயங்கு எழுத்துருவாக எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பக்கத்தைச் செய்பவர் சி.எஸ்.எஸ்.ஸில் சில வரிகள் சேர்த்தால் போதும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், தமிழ் தெரியும். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்தது. ஆனாலும் பழைய கணினி வைத்திருந்த எத்தனையோ பேருக்குத் தமிழ் வலைப்பதிவுகளைத் திறந்துவிட்டது அதுதான். குறியீடுகளை மாற்றித் தரும் கருவிகளையும் எழுதினார். 2006 ஜூலையில் மறைந்தார். தமிழ்நாட்டின் ஃப்ரன்ட்-எண்ட் வரலாற்றை எழுதினால் முதல் அத்தியாயத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். படிப்பவரின் இயந்திரத்தில் என்ன தெரிகிறது என்று கவலைப்பட்டு, அந்தக் கவலையைத் தானே தீர்த்துவைத்தவர் அவர்.

அவர் அன்று பயன்படுத்திய அதே உத்தி இன்று தரநிலையாகிவிட்டது. ஃபான்ட்-ஃபேஸ் என்று சி.எஸ்.எஸ்.ஸில் எழுதி, வோஃப்-2 வடிவத்தில் எழுத்துருவைக் கொடுத்தால் எல்லா பிரவுசரும் எடுத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை என்று இலவசத் தமிழ் எழுத்துருக்கள் பல இருக்கின்றன. சில நடைமுறைக் குறிப்புகள் சொல்கிறேன். யூனிகோடு-ரேஞ்ச் என்ற வரியைச் சேர்த்தால், பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் தமிழ் எழுத்துரு இறங்கும். ஃபான்ட்-டிஸ்ப்ளே என்பதற்கு ஸ்வாப் என்று கொடுத்தால், எழுத்துரு வரும்வரை போனில் இருக்கும் தமிழிலேயே பக்கத்தைப் படிக்கலாம். வெற்றிடத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தனி எழுத்துரு தேவையா என்பதே. ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பேருந்து நேரமோ விண்ணப்பப் படிவமோ காட்டும் பக்கத்துக்கு அது போதும். கதை, கவிதை, இதழ் என்றால் நல்ல எழுத்துருவுக்கு எடையைச் செலவழிக்கலாம்.

தமிழுக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். லைன்-ஹைட் 1.6 என்று வைத்துத் தொடங்குங்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் வரும் எழுத்துகள் அடுத்த வரியில் முட்டும். லெட்டர்-ஸ்பேசிங் வேண்டாம், கொம்பும் எழுத்தும் பிரிந்து தெரியும் ஆபத்து உண்டு. பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஆறெழுத்தில் முடிவது தமிழில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று நீளும். அதை ‘அனுப்பு’ என்று எழுதினால் இன்னும் நல்லது, அது எழுதுபவரின் கடமை. பட்டனின் கடமை எவ்வளவு நீளம் வந்தாலும் விரிந்துகொடுப்பது. நீண்ட சொல் திரையை விட்டு வெளியே போகாமல் இருக்க ஓவர்ஃப்ளோ-ராப் என்ற வரி இருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்போது நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைப்பாக்கம். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து: பி, ள், ளை, ப், பா, க், க, ம். ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 15 என்று சொல்லும். மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 45 பைட். இதனால் என்ன வருகிறது? ஆங்கிலத்தை மனத்தில் வைத்து, ஊர்ப் பெயருக்கு 12 எழுத்து போதும் என்று ஒருவர் படிவத்தில் அளவு வைத்துவிட்டால், நம் ஊர் ‘பிள்ளைப்பாக்’ என்று அறுந்து நிற்கும். எட்டெழுத்துப் பெயரைப் பன்னிரண்டெழுத்துப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது! கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ண வேண்டுமானால் இன்டல் செக்மென்டர் என்ற வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. அதைக் கேட்டால் எட்டு என்று சரியாகச் சொல்லும்.

பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்குவதிலும் இதே சிக்கல். ஜாவாஸ்கிரிப்ட்டின் வெறும் சார்ட் கட்டளை கனகாவைக் கபிலனுக்கு முன்னால் வைக்கும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். லொகேல்-கம்பேர் என்ற வழியில் தமிழ் என்று குறிப்பிட்டு அடுக்கினால் கபிலன் முன்னால் வருவார். தேடலில் இன்னொன்று. ‘தொழிற்பூங்கா’ என்ற சொல்லின் தொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் நார்மலைஸ் என்ற ஒரு கட்டளையை இட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இவை எல்லாம் தமிழில் சோதித்தால் மட்டுமே கண்ணில் படும் பிழைகள். அமெரிக்காவில் எழுதிய பாடப் புத்தகத்தில் கனகாவும் கபிலனும் இல்லை.

பக்கத்தின் தொடக்கத்தில் மொழி எது என்று குறிக்கும் இடம் ஒன்று உண்டு. யாரோ செய்த மாதிரியை எடுத்துப் பயன்படுத்தும்போது அதில் ஆங்கிலம் என்றே இருக்கும், பக்கம் முழுக்கத் தமிழாக இருந்தாலும். பார்வையற்றவரின் போன் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்றால் என்ன கேட்கும் என்று ஒருமுறை, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கிக் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தக் குறிப்பை மறக்க மாட்டீர்கள். ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் இந்தச் சாலை நெடுக வேலை செய்கிறார்கள். அவர்களுக்கான பகுதிகள் பக்கத்தில் இருந்தால் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த மொழியைக் குறியுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது உலகத் தரநிலை. மே மாத வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று சாம்பல் எழுத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் நியாயம் புரியும்.

படிவங்களுக்கு வருவோம். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு போகா-யோகே என்ற சொல் தெரியும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய முறை. பாகத்தைத் தலைகீழாக வைக்க முயன்றால் ஜிக்கில் உட்காரவே உட்காராது. தவறு செய்த பிறகு ஆளைத் திட்டுவதை விட, தவறு செய்யவே முடியாதபடி இடத்தை அமைத்துவிடுவது. படிவத்தையும் அப்படித்தான் அமைக்க வேண்டும்.

எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை வர வேண்டும். இன்புட்மோட் என்பதற்கு நியூமெரிக் என்று எழுதினால் வரும். ஆதார் எண்ணை நாம் அட்டையில் இருப்பதுபோல நான்கு நான்காக இடைவெளி விட்டுத்தான் எழுதுவோம். இடைவெளி கூடாது என்று சிவப்பு எழுத்தில் திட்டுகிற படிவங்களைப் பார்க்கிறேன். இடைவெளியை நீக்க நிரலில் ஒரே வரி போதுமே, அந்த ஒரு வரியை எழுதாமல் லட்சம் பேரைத் திருத்தச் சொல்வது என்ன நியாயம்? ஓ.டி.பி. பெட்டிக்கு ஆட்டோகம்ப்ளீட் குறிப்பைச் சரியாகக் கொடுத்தால், குறுஞ்செய்தியிலிருந்து எண்ணை எடுத்து நிரப்ப விசைப்பலகையே உதவும். பெட்டிக்குள்ளே மங்கலாக எழுதி வைக்கும் குறிப்பு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். அதனால் பெட்டிக்கு மேலே நிலையான லேபிள் வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னைக் கோபப்படுத்துவது பெயர்ப் பெட்டி. முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று மறுக்கிறது. அப்பா பெயரை எழுதினால் அடுத்த அலுவலகத்தில் ஆவணம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். பி.எஃப். பணம் எடுக்கப் போன இடத்தில் பெயர் ஒத்துப்போகாமல் அலைந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. அந்த அலைச்சல் பல நேரம் தொடங்குவது எங்கோ ஒரு படிவத்தில் இரண்டு பெட்டி போட்ட இடத்தில்தான். பலவகைப் பெயர்களுக்கும் அதிகம் இடம் கொடுப்பது ஒரே பெட்டிதான் என்று பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. நீங்கள் செய்யும் படிவத்தில் ‘முழுப் பெயர், ஆதாரில் உள்ளபடி’ என்று ஒரே பெட்டி வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு பக்கம் சொல்கிறேன். உங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எந்தெந்த நேரத்தில் பேருந்து வருகிறது என்று காட்டும் பக்கம். ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம். எச்.டி.எம்.எல்.லில் ஓர் அட்டவணை, சி.எஸ்.எஸ். சில வரிகள், அடுத்த பேருந்தை முன்னால் காட்ட ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம். நேரத்தைக் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று நாம் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். பிரவுசரின் தேதி வடிவமைப்பில் டே-பீரியட் என்று கேட்டால் பொழுதின் பெயரைத் தமிழிலேயே கொடுக்கும். சர்வீஸ் வொர்க்கர் என்ற ஒரு சிறு நிரலைச் சேர்த்தால், ஒருமுறை திறந்த பக்கம் சிக்னல் இல்லாதபோதும் திறக்கும். பேருந்துக்காக நிற்பவருக்கு அந்த நிமிடத்தில் வேண்டியது அதுதான். கிட்டில் சேமித்து, கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றுங்கள். நேரம் மாறினால் திருத்துங்கள்.

ரியாக்ட் கற்க வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். வேலைக்குப் போக அது தேவைப்படும், கற்றுக்கொள்ளுங்கள். 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. பெரிய செயலிகளை ஒழுங்காகக் கட்ட உதவுவது. ஆனால் மேலே சொன்ன பக்கத்தை வெறும் கையால் ஒருமுறை செய்து முடித்த பிறகு கற்றால், அது உங்களுக்காக என்ன செய்கிறது, அதற்கு விலையாகப் போனிடமிருந்து என்ன கேட்கிறது என்று தெரியும். பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஸோஹோ பள்ளிகள் இதே தமிழ்நாட்டில் நடக்கின்றன. பட்டம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஏ.ஐ. நிரல் எழுதித் தருகிறதே என்ற கேள்வியும் வரும். எழுதித் தரட்டும். கனகாவையும் கபிலனையும் அது எந்த வரிசையில் அடுக்கியது என்று சரிபார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அளந்து பார்ப்பதும், பிழை எங்கே பிறந்தது என்று தேடிப்போய் அங்கேயே திருத்துவதும் இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் நல்ல ஃப்ரன்ட்-எண்ட் ஆட்கள் இங்கிருந்து வர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொதுச் சேவைப் பக்கத்தை எடுங்கள். வேகத்தைக் குறைத்து, 360 பிக்சலில், தமிழில் திறவுங்கள். எங்கே உடைகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த வரியை எப்படி மாற்றினால் சரியாகும் என்று எழுதி, அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். போனும் வயரும் கொண்டு வந்திருப்பவர்கள் இப்போதே முன்னால் வாருங்கள், பில்ட் நம்பரைத் தட்டுவதிலிருந்து சேர்ந்தே செய்து பார்ப்போம்.